காகிதப்பூத் திருடி

“திருடி! தோமாசா, இறங்குடி கீழே!”

ஒத்தீலியா போட்ட கூச்சலில் குவெர்நவாக்கா நகரின் அந்தச் சின்னத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தோமாசா நாற்காலி மேல் நின்றிருந்தாள். கையில் கோழி நறுக்கும் கத்தரி. சுவரைத் தாண்டித் தொங்கிய செங்கல் நிறக் காகிதப்பூக் கொடியில் பென்சில் கனத்துக் கிளை ஒன்றைப் பாதி வெட்டியிருந்தாள்.

“அது என் பொண்ணு வச்ச கொடி. தெரியுமா தெரியாதா?”

“தெரியும்” என்று சொல்லிக்கொண்டே தோமாசா மீதியையும் வெட்டினாள்.

கொடி வைத்த நயேலி போய்ச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இப்போது வாடகை வீட்டையும் அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசியில் சுவரை இடிக்கப்போகிறார்கள். சுவரோடு கொடியும் போய்விடும். மகள் கை பட்டதில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“எப்படியும் சாகப்போற கொடி. அதுவரைக்கும் பொறுக்கலையா உனக்கு? பிணந்தின்னிக் கழுகுகூட உயிர் போறவரைக்கும் காத்திருக்குமேடி!”

“கேட்டிருந்தா ஒத்தீலியாம்மா குடுத்திருக்கமாட்டாங்களா?” என்றாள் எதிர்ப்பக்கத்துச் சோளரொட்டிக் கடைக்காரி. “கேக்க வாய் வலிச்சுதோ?”

தோமாசா நாற்காலியிலிருந்து இறங்கினாள். கிளையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பெயரே மாறிவிட்டது. ரொட்டி வாங்க அவள் வந்து நின்றால், “பூத்திருடி வந்தாச்சு, பையைப் பத்திரமா வச்சுக்கங்க” என்பார்கள். ஒத்தீலியாவும் சிரிப்பாள். மகள் போனபிறகு அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

வீட்டைக் காலி செய்வதற்கு முன்னால் ஒத்தீலியா தன் கையாலேயே எட்டுக் குச்சிகள் வெட்டினாள். வேர் விடட்டும் என்று பயறு ஊறவைத்த தண்ணீரில் போட்டாள். அடியில் பட்டைப்பொடி தடவினாள். காலி மிளகாய் டின்களில் நட்டு, பிளாஸ்டிக் சோடா பாட்டிலைப் பாதியாக அறுத்து மேலே கவிழ்த்தாள்.

புது வாடகை அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் முதுகைப் பார்த்தது. வெளியே ஓயாத மழை. குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. எட்டாவதையும் பிடுங்கிப் பார்த்தபோது அடி அழுகி வழவழவென்றிருந்தது. நயேலியை இரண்டாம் முறை புதைப்பதுபோல் இருந்தது அவளுக்கு. வாய்விட்டு அழுதாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

தோமாசா! மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் ஒரு டின். அதில் முழங்கை உயரக் கொடி. நுனியில் அதே செங்கல் நிறத்தில் மூன்று பூ.

“வெறுப்பேத்த வந்தியா?”

“நீ வச்சது எத்தனை பிழைச்சுது?”

ஒத்தீலியா தலையைக் குனிந்துகொண்டாள். “ஒண்ணுகூட இல்ல.”

“எனக்கு அன்னைக்கே தெரியும். இந்தக் கொடியை நயேலி எப்படிக் கொண்டுவந்தா, மறந்துட்டியா?”

எப்படி மறக்கும்? பத்து வயதில் மாதா கோயில் சுவரிலிருந்து ஒடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ‘திருடின குச்சிதாம்மா வேர் விடும், கேட்டு வாங்கினா செத்துடும்’ என்று மூச்சிரைக்கச் சிரித்தாள். அவள் மட்டுமா? ஊரே அப்படித்தான் நம்புகிறது.

“சொந்தக் கொடியில எப்படித் திருடுவ நீ?” என்றாள் தோமாசா. “வேற யாராவதுதான் திருடணும்.”

“பாவி, அப்பவே சொல்லியிருக்கலாமே! தெருவே உன்னைக் காறித் துப்பிச்சே!”

“சொன்னா ‘எடுத்துக்கோ’ன்னு நீ சொல்லியிருப்ப. அப்புறம் அது திருட்டா?”

 ஒத்தீலியா கண்ணீரோடு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தோமாசா டின்னைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நீட்டாதே. நானா குடுத்தா இதுவும் செத்துடும்.”

டின்னை வாசற்படியில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“ம்… திருடிக்கோ. நான் கத்தமாட்டேன்.”