அகராதியின் தவறான விடைகள்

அகராதிக்கு விடை தெரியவில்லை.

எனக்கு அது புரியவே இல்லை. எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவாள் என்பதால்தான் வகுப்பே அவளை அப்படிக் கூப்பிடுகிறது. நான் கேட்டதோ, ‘மூன்’ என்பதோடு ஓசை ஒத்து முடிகிற ஏதாவது ஒரு சொல்.

‘டேபிள்’ என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இல்லாவிட்டால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் பாம்பு இருந்தது.

தேர்வுக்கு முந்தைய திருப்புதல் வகுப்பு. அணி, ஒலிநயம், இலக்கணம் என்று பலகையில் வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தேன். வால் மட்டும் தெரிந்தது, பெஞ்சுக் காலை ஒட்டி, சுண்டுவிரல் தடிமனில். மற்றதெல்லாம் நிழலுக்குள். தலை எந்தப் பக்கம், விஷம் உண்டா இல்லையா, எதுவும் தெரியாது. வாலைப் பார்த்துச் சொல்ல நான் யார்?



கத்த முடியாது. போன வாரம் ஒரு பல்லி விழுந்ததற்கே இருபத்தாறு பேரும் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். பாம்புக்கு நம் பேச்சு பெரிதாக எட்டாது. தரையோடு தரையாகக் கிடக்கும் அதன் உடம்புக்குத் தரையின் அதிர்வுதான் எட்டும். ஆகவே பேசலாம். குதிக்கக் கூடாது.

அதை வைத்து ஒரு விளையாட்டு சொன்னேன். ஆளுக்கு ஒரு கேள்வி. சரியாகச் சொன்னவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலடி கேட்காமல் நடந்து, வெளியே மரத்தடிக்குப் போய்விடலாம். காலடி கேட்டால் மதிப்பெண் கிடையாது. தவறாகச் சொன்னவர் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும்.

“வெளிய போறதுதான் பரிசா மிஸ்? மொதல்லயே சொல்லியிருந்தா வருஷம் பூரா படிச்சிருப்பேனே” என்றான், வானொலி என்று பெயரெடுத்தவன்.

வகுப்புத் தலைவியை முதலில் அனுப்பினேன், தலைமையாசிரியருக்கு ஒரு சீட்டோடு: பாம்பு, பிடிக்க ஆள் வேண்டும், யாரும் உள்ளே ஓடி வரக் கூடாது. கொடுத்த சீட்டைப் பிரித்துப் பார்க்கிற ரகமில்லை அவள்.

அடுத்து மூன்றாவது பெஞ்சு. அகராதிக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சட்டென்று சொல்லிவிட்டு, செருப்பைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் இருந்தவள்தான் டேபிள் என்றாள்.

சரி, பதற்றத்தில் உளறியிருப்பாள். பின் பெஞ்சுகளைக் காலி செய்தேன். உவமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டு சொற்கள். விடையை எதிர்பார்க்காத கேள்வி எப்படி இருக்கும்? சுவரோரப் பாதையில் ஒவ்வொருவராகப் பூனை நடை நடந்தார்கள். வானொலி கூட முதல் முறையிலேயே தப்பித்துக்கொண்டான்.

மறுபடி அவளிடம் வந்தேன். ‘கோ’ என்பதற்கு இறந்த காலம் கேட்டேன். மூன்று வருடம் முன்பே படித்தது. ‘கோட்’ என்றாள்.

மூன்றாவது சுற்றில் என் பெயரின் முதல் எழுத்தையே கேட்டுவிட்டேன். அதற்கும் தெரியாது என்றாள். எனக்குக் கோபமே வந்தது. மேசையின் முன்பலகைக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது. வெளுத்திருந்தது. உதட்டின் மேல் வியர்வை.

கடைசிப் பையனும் வெளியேறினான். வகுப்பில் நாங்கள் இருவர்தான்.

விளையாட்டு முடிந்தது, விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாக எழுந்து வா என்றேன்.

அவள் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“என் கால் மேல படுத்திருக்கு மிஸ்.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். நான் பலகையில் எழுத ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே என்றாள்.

சரியாகச் சொன்னால் எழுந்திருக்க வேண்டும். எழ முடியாது என்று சொன்னால் பக்கத்தில் இருந்த இருவரும் குனிந்து பார்த்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் தெரிந்தே தவறாகச் சொல்லியிருக்கிறாள். அவளை எழ வைக்கத்தான் நான் இன்னும் இன்னும் எளிதாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் கம்போடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். கையைக் காட்டி அங்கேயே நிறுத்தினேன். என் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தேன்.

“இப்ப வேற விதி. சரியா சொன்னா அசையாம உக்காந்திருக்கணும்.”

கேட்டேன். சொன்னாள். கேள்விகளைக் கடினமாக்கினேன், அவள் மனம் காலை விட்டு விடைக்குப் போகட்டும் என்று. குரல் நடுங்கியது, தோள் நடுங்கவில்லை. பதினொன்றும் சரி.

பன்னிரண்டாவதைக் கேட்டு முடிப்பதற்குள் பாம்பு அவள் காலை விட்டு இறங்கிச் சுவரோரமாக நீண்டது. மழைத்தண்ணீர் வெளியேறும் துளைக்குள் தலையை விட்டது. நீளம் முழுவதும் உள்ளே போகிறவரை நான் மூச்சு விடவில்லை.

அதன் பிறகும் அவள் எழவில்லை. பன்னிரண்டாவதற்கும் சரியாகச் சொல்லியிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். தரை அதிராமல் வெளியே நடந்தேன்.