கரண்ட் வரட்டும்

இக்ராம் ரிமோட்டை மறுபடியும் அழுத்தினார். கேட் அசையவில்லை. கட்டுகஸ்தோட்டை முழுக்கக் கரண்ட் இல்லை.

போன் அடித்தது. அடுத்த வீட்டு ஹனீபா நானாவின் மரணத்துக்கு வந்திருந்த பளீல்.

"எங்க நிக்கிறீங்க? ஜனாஸாவைத் தூக்கப் போறாங்க."

"கேட் தொறக்குதில்ல. நான் என்ன செய்ய?"

"ஏறிக் குதிச்சாவது வாங்க."

"இந்த வயசிலயா? கரண்ட் வரட்டும்."

கையால் திறக்க ஒரு சாவி உண்டென்று கேட்டைப் பொருத்தியவன் சொல்லியிருந்தான். அது எந்த அலுமாரியில் கிடக்கிறதோ. இக்ராம் தேடவில்லை. ஹனீபா நானாவின் ஜனாஸா இருந்த சந்தூக்கைத் தோள்களில் சுமந்து போவதை மேல்மாடியில் நின்று பார்த்தார். கண் கலங்கியது. தன் மேல் பிழையில்லை என்ற நிம்மதியும் கூடவே வந்தது.

மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் குசினிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஹனீபா நானாவின் மகன் ஹுதைபா, கையில் ஒட்டிய கப்ர்க்குழி மண்ணைக்கூடக் கழுவாமல் நின்றான்.

"மையவாடியில உங்களக் காணல்ல சாச்சா. சொகமில்லயோ எண்டு பாக்க வந்தேன்."

"கேட் தொறக்கல்லயே. நீங்க எப்பிடி வந்தீங்க?"

"ரெண்டு வீட்டுக்கும் நடு மதில் கதவாலதான். அதுக்குத்தான் பூட்டு இல்லயே. உங்கட உம்மா படுக்கையில இருக்கச்சே, எங்கட வாப்பா ராவில ஓடி வரணும் எண்டு நீங்கதானே கழட்டினீங்க."

கரண்ட் வந்து விளக்குகள் எரிந்தன. இக்ராம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கதவால் வந்ததெல்லாம் ஹனீபா நானாதான். இக்ராம் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை.