வியாழக்கிழமைப் பறப்பு

ட்ரோனின் மெமரி கார்டை மாரியூக்சியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடினார் இஞ்சினியர் சம்ப்ரானோ.

“திங்கக்கிழம பதிவப் பாக்க ஆபீசருங்க வர்றாங்க. இந்த மாசம் பறந்தது எல்லாத்தையும் உன் பேர்லயே ஏத்திடும்மா. எத்தன நாளைக்குத்தான் நீயும் என் பேருக்கே பாடுபடுவ?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருடமாக அந்த வாழைத் தோட்டத்துக்கு ட்ரோன் ஓட்டி மருந்து தெளிப்பவள் அவள். லைசென்ஸ் இருப்பது இஞ்சினியரிடம். வின்செஸ் ஊர்ப் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் இதுதான் நடைமுறை. லைசென்ஸ் ஒருவருக்கு, வெயில் இன்னொருவருக்கு.

மாதக் கடைசியில் அவர் கார்டைக் கொடுத்ததும், அந்த மாதப் பறப்பையெல்லாம் கணினியில் பறப்புப் பதிவுக்கு ஏற்றுவதும் அவள்தான். அவர் பெயரில். ஏசி அறையை விட்டு எழுந்திருக்காமலே மனிதர் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருந்தார். கழுகுகூட அவ்வளவு பறந்திருக்காது.

மாரியூக்சியின் கணக்கில் ஒரு நிமிடம்கூட இல்லை. மணிக்கணக்கு இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாவிட்டால் கடைசி வரை எடுபிடிக் கூலிதான்.

மருந்து கலக்கும் எலூத்தெரியோ கதவோரம் நின்று எட்டிப் பார்த்தான்.

“லைசென்ஸ் வந்ததும் எங்ககூட நின்னு பேசுவியா, இல்ல நீயும் இஞ்சினியரம்மா ஆயிடுவியா?”

அவன்மீது கையுறையை விட்டெறிந்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

வீட்டில் தங்கை ஹெனெசிஸ் கண்ணில் கட்டோடு கிடந்தாள். காய்களைக் கழுவிப் பெட்டி கட்டும் கொட்டகையில் அவளுக்கு வேலை. போன வியாழக்கிழமை, எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில், தலைக்கு மேலே ட்ரோன் வந்து மருந்தைக் கொட்டிவிட்டுப் போனது. மற்றவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினார்கள். ஹெனெசிஸ் மட்டும் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

ஏன்டி பார்த்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் ட்ரோன் எழும்பவே இல்லை, பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்திருக்கும் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. மாரியூக்சியும் அன்று அங்கே இல்லை. மருந்துக் குழாய்க்கு முனை வாங்கி வரச் சொல்லி இஞ்சினியர்தான் அவளை ஊருக்கு அனுப்பியிருந்தார். கடை பூட்டியிருந்தது. வெறும் கையோடு திரும்பி வந்தாள்.

“யாரு ஓட்டுனதுன்னு அந்தக் கார்டுல இருக்கும்டி. அது கைக்கு வரட்டும், பேர உன்கிட்ட வந்து சொல்றேன்” என்று தங்கையின் கட்டுப்போட்ட முகத்துக்கு நேரே சத்தியம் செய்திருந்தாள்.

இன்று கார்டும் வந்துவிட்டது, மணிக்கணக்கும் வரப்போகிறது. இந்த இரண்டு சந்தோஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

கார்டைச் செருகினாள். ஓட்டியவர் யார் என்று கணினி கேட்டது. எப்போதும் இஞ்சினியர் பெயரில் போய் நிற்கும் விரல், இன்று ஒரு வரி கீழே இறங்கியது. மாரியூக்சி பஹான்யா.

எல்லாப் பறப்புக்கும் இதே பெயரா?

ஆம்.

பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிரம்பி முடிந்தது. அடுத்த நொடியே லைசென்ஸ்காரரின் ஒப்புதலும் வந்து விழுந்தது. முதல் பறப்புக்கு வாழ்த்துச் சொல்லித் திரையில் காகிதப் பூக்கள் உதிர்ந்தன.

ஒப்புதல் கேட்டு அவர் பின்னால் வாரக்கணக்கில் அலைவதுதான் வழக்கம். இன்று போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறார். ஒப்புதல் விழுந்த பதிவை அதன்பிறகு யாராலும் மாற்ற முடியாது.

ஒவ்வொரு பறப்பாகத் திறந்து ஆசையாகப் பார்த்தாள். வகிடு எடுத்தது போல நேர்நேராக ஓடும் கோடுகள். அத்தனையும் அவள் கை.

வியாழக்கிழமைக்கு வந்தாள். கோடு இருந்தது.

முதலாளியின் விருந்தினர் மாளிகை வாசலில் அது கிளம்பியிருந்தது. அன்று வெளிநாட்டிலிருந்து வாழை வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரோ தானே ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். பழக்கமில்லாத கை. கோடு தள்ளாடி, இரண்டு முறை தன்னையே சுற்றி, கால்வாயைத் தாண்டி, கொட்டகை முற்றத்தின்மேல் போய் நின்றது. அந்த இடத்தில் மட்டும் கோடு சிவப்பு. மருந்துக் குழாய் திறந்திருந்தது.

மேலே, ஓட்டியவர் என்ற இடத்தில், அவள் பெயர்.

ஓடிப் போய் ஏசி அறைக் கதவைத் தட்டினாள். இஞ்சினியர் கிளம்பிவிட்டார் என்றான் எலூத்தெரியோ.

திரும்பி வந்தபோது மேசையில் அவள் போன் அடித்தது. ஹெனெசிஸ். யாரையோ விட்டு எண்ணை அழுத்தச் சொல்லியிருப்பாள்.

“அக்கா, கார்டு வந்துடுச்சாமே. பேரு இருக்கா?”

மாரியூக்சி கணினித் திரையை அணைத்தாள்.

“சொல்லுக்கா, நீ இல்லதான? நீதான் ஓட்டுறேன்னு நெனச்சுத்தான்க்கா நான் நிமிந்து கை காட்டினேன்.”