தப்பாத தொடர்பு

மறுநாள் கருத்தரங்கில் பேசுவதற்காக லீவு போட்டு வீட்டில் தயார் செய்துகொண்டிருந்தார் விஞ்ஞானி மாப்பிள்ளை. வரைபடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் என்ன கவலை மாப்ளே?” என்றார் மாமனார்.

“மேகம் கூடுற மாசமெல்லாம், விண்வெளியிலேர்ந்து வர்ற கதிர் குறையுது மாமா. ரெண்டு வருஷமா ஒரு தடவைகூடத் தப்பல. இவ்வளவு கச்சிதமாவா இருக்கும்? எங்கேயோ உதைக்குது.”

“கதிரை எண்ணுற மிஷின்ல கோளாறோ?”

“இல்லவே இல்ல. மேல கான்கிரீட் இருந்தா எண்ணிக்கை குறைஞ்சிடும்னுதான் மொட்டைமாடியில வெட்டவெளியில வெச்சிருக்கேன்.”

“அப்புறமென்ன? தைரியமாப் பேசுங்க.”

ஜன்னலுக்கு வெளியே சட்டென்று இருட்டிக்கொண்டு வந்தது. மாமனார் பதறியடித்து மாடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது மிஷினைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார்.

“மாமா! அதை எங்கே கொண்டு போறீங்க?”

“மாடிப்படிக்குக் கீழேதான். எப்பவும் அங்கேதானே வைப்பேன்! வானம் வெளுத்ததும் திரும்ப மேல வெச்சிடுவேன். நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போயிடுறீங்க. ஒரு பொட்டுத் தண்ணி பட விட்டிருப்பேனா?”

மேகத்துக்கும் கதிருக்கும் நடுவே இருந்த தொடர்பு, மாப்பிள்ளையின் எதிரே பெருமையாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.