பளபளத்த குப்பிகள்

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசை. நடு நாற்காலி. முதுகு சாய்மானத்தில் படவில்லை.

மேடையில் மகள் திலகவதி. இன்று அவளுடைய முனைவர் பட்ட வைவா, வாய்மொழித் தேர்வு. அவருக்குப் பின்னால், வேன் பிடித்து வந்து இறங்கிய சொந்தபந்தம். ஒரு பையில் சால்வை. இன்னொரு பையில் லட்டு. ஊர் முனையில் பிளெக்ஸ் பேனர் கட்டியாகிவிட்டது. முனைவர் திலகவதி என்று.

திரையில் ஒரு துளி, பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு நின்றது.

திரவப் படிகத் துளி என்றாள். சொந்தக்காரர்களுக்காக நடுநடுவே தமிழில் சொன்னாள். தண்ணீரில் மிதக்கும் இந்தத் துளிதான் அச்சு. அதற்குள் கலந்திருப்பதை ஒளி காட்டி இறுகவைத்தால் பாலிமர் ஆகும். பிறகு ஆல்கஹாலில் அலசினால் படிகம் கரைந்து போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் பாலிமர் மணி மட்டும் மிஞ்சும்.

சுத்தமான தண்ணீர் என்றால் மணி நெல்லைப் போல இருமுனையும் கூர்ந்து வரும். துளியின் தோலில் வேறு ஏதாவது ஒட்டினால் கடுகைப் போல உருண்டு வரும்.

தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருந்தால் கடுகு. இதுதான் அவள் கண்டுபிடித்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக் கண்டுபிடித்தது.

அவருக்கு இது தெரியும். ஒரு நாள் தட்டில் நெல்லும் கடுகும் போட்டுக் காட்டியிருக்கிறாள். இன்று வேனில் எல்லோருக்கும் அவர்தான் விளக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த படம்.

"இது பழைய குப்பி. பூச்சிமருந்து போடல."

திரை நிறையக் கடுகு.

"இது புதுக் குப்பி. பூச்சிமருந்து போட்டிருக்கு."

நெல்.



"மருந்து காரணம் இல்ல சார். சோப்பு. மருந்து கலந்து பாத்த பழைய குப்பிகள்ல ஒட்டியிருந்திருக்கு. அஞ்சாவது அத்தியாயத்தை நான் திரும்ப எடுத்துக்கறேன்."

பேருந்தில் அடுத்த நிறுத்தம் சொல்வதுபோலச் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அந்த அத்தியாயம் போனால் பட்டமும் போகலாம்.

முன்வரிசையில் அப்பாவின் கைகள் மடியில் கிடந்தன. யாரோ வைத்துவிட்டு மறந்து போனவைபோல.

போன ஐப்பசி மழையில் குழாய் உடைந்து ஆய்வகத்துக்குத் தண்ணீர் வரவில்லை. குப்பிகளைப் பையோடு வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

"வெறும் தண்ணில அலசினா போதும்ப்பா."

போதுமா? இரவல் வாங்கிய தூக்குவாளியைக்கூடத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுக்கும் வீடு அது. சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலையில் இருந்தவரை அவர் கைமேல் ஒரு பழிச்சொல் விழுந்ததில்லை. சோதனைக்கு அதிகாரிகள் வந்தால், சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கூப்பிடுமுன் முன்னால் போய் நிற்பார்.

அவரே உட்கார்ந்தார். சோப்புத்தூள் கரைத்தார். விரல் நுழையாத கழுத்துக்குள் துணியைத் திரித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மழை விட்ட வெயிலில் கவிழ்த்துவைத்தபோது கண் கூசியது.

"என்னப்பா, நகைக்கடை மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

போன வாரம் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அப்பா, அன்னிக்கு சோப்பு போட்டீங்களா?"

"பின்ன? ரெண்டு தடவை."

அவள் மோரை ஊற்றிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ரொம்ப அடிப்படையான விஷயம்மா இது. குப்பியை யார் கழுவினது?"

"நான்தான் சார்."

உடனே சொன்னாள். முன்வரிசைப் பக்கம் அவள் கண் வரவில்லை.

பின்வரிசையிலிருந்து மச்சினன் தணிகாசலம் அப்பாவின் காதருகே குனிந்தான்.

"கழுவத் தெரியலையாம் மாமா நம்ம பொண்ணுக்கு. பொண்ணு பாக்க வர்றவன் காதுல விழுந்தா என்ன ஆவறது?"

சிரித்தான். அவன் பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள்.

தேர்வாளர் எதையோ எழுதத் தொடங்கினார்.

முன்வரிசையில் அவர் எழுந்தார்.

நாற்காலி பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது. மேடையிலிருந்து இப்போதுதான் திலகவதி அவரைப் பார்த்தாள். தலையை இலேசாக ஆட்டினாள். வேண்டாம்.

"பாத்ரூமா மாமா? கதவு இந்தப் பக்கம்." தணிகாசலம் காலை மடக்கி வழிவிட்டான்.

அவர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்து நின்றார்.

சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தேடினார். விரல்களுக்கு அது தட்டுப்பட நேரமாயிற்று.

போட்டார்.