ஃபாஸ்ட்லி

"டேய் ஃபாஸ்ட்லி, எங்கடா ஒளிஞ்சிக்கினு இருக்க? போட்டோவுக்கு வந்து நில்லு."

மைக்கில் அர்ஜுனன் கூப்பிட்டதும் அறை மொத்தமும் சிரித்தது. உஸ்மானும் சிரித்துக்கொண்டே போய் நின்றார்.

அவர் மனைவி பல்கீஸுக்கு முகம் சுண்டிப்போனது.

இருபத்தெட்டு வருடம் கழித்து, காஞ்சிபுரத்தில் அதே பள்ளியில், அதே எட்டாம் வகுப்பு அறையில் கூடியிருந்தார்கள். எல்லாருடைய நம்பரையும் தேடிப் பிடித்து வரவழைத்தவன் அர்ஜுனன்தான். காம்பஸ் முனையால் பெஞ்சில் கீறிய பெயர்களைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். தறியிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலைச் சுருட்டிப் பந்து விளையாடிய கதையை யாரோ எடுக்க, தலை நரைத்த ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசினார்கள். உஸ்மான் தன் பழைய இடத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்து, எழுந்திருக்க மனசில்லாமல் இருந்தார்.

பல்கீஸுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பெயர் மட்டும்தான் உறுத்தியது.

"அது என்னண்ணா ஃபாஸ்ட்லி?" என்று அர்ஜுனனிடமே கேட்டாள்.

"இவன் சொல்லவே இல்லையா? ஸ்லோன்னா ஸ்லோலி, குயிக்னா குயிக்லி, அப்போ ஃபாஸ்ட்னா என்னன்னு டீச்சர் கேட்டாங்கம்மா. தெரியாம வரிசையா அஞ்சு பேர் நின்னுக்கினு இருக்கோம். இங்கிலீஷ்ல எப்பவும் இவன்தான் முதல் மார்க். இவன் எழுந்து, ஃபாஸ்ட்லின்றான். டீச்சரே சிரிச்சிட்டாங்க."

செவிலிமேட்டு வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது அவள் பொறுக்காமல் கேட்டாள்.

"ஊருக்கே இங்கிலீஷ்ல மனு எழுதித் தர்ற ஆளு நீங்க. பஸ் ஸ்டாண்டுல நம்ம ஜெராக்ஸ் கடையைக் கூட ஃபாஸ்ட்லி கடைன்றாங்க. இத்தனை வருஷமா கேட்டுக்கினு சிரிக்கிறீங்களே, அன்னிக்கு அந்த ஒரு வார்த்தையைப் படிச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"படிச்சிட்டுத்தான் போனேன். ஃபாஸ்ட்டுக்கு ஃபாஸ்ட்டேதான். லி சேராது."

"தெரிஞ்சேவா தப்பா சொன்னீங்க?"

உஸ்மான் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"சரியா சொன்னவன், தெரியாம நிக்கிறவன் ஒவ்வொருத்தன் தலையிலயும் ஓங்கிக் கொட்டணும். டீச்சர் போட்ட சட்டம். மெதுவா கொட்டினா நமக்கு அடி விழும்."

"கொட்டிட்டு வந்து உட்கார வேண்டியதுதானே? எல்லாரும் செஞ்சதுதானே அது?"

"வரிசையில முதல்ல நின்னவன் அர்ஜுனன். அவங்க அப்பாவுக்குக் காரியம் முடிச்சிட்டு, மொட்டைத் தலையோட அன்னிக்குத்தான்மா அவன் ஸ்கூலுக்கு வந்திருந்தான்."