பீர்க்கங்காய்த் தோல்

எல்லாச் சமையலறைகளிலும் மாநகராட்சி மண்புழுத் தொட்டி வைத்திருந்தது. புழுக்களுக்குப் பசித்தால் தொட்டியே தகவல் அனுப்பும். மண்புழு நல ஆய்வாளர் உடனே நேரில் வருவார். மனிதருக்குப் பசித்தால் வர அப்படியொரு பதவியை யாரும் ஏற்படுத்தவில்லை.

தனியாக வசித்த தெய்வசிகாமணி வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை. அதனால் பீர்க்கங்காய்த் தோலைத் தொட்டியில் போடாமல் துவையல் அரைத்தார். இரண்டு பேருக்குச் சோறு வடித்தார்.

ஆய்வாளர் நிலோஃபர் வந்தாள். “மறுபடியும் பட்டினி போட்டுட்டீங்களா சார்?”

“துவையல் அரைச்சுட்டேன்மா. உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா.”

“டூட்டில சாப்பிடக் கூடாது சார். இதுங்களை ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு மாத்திடறேன். பாவம், இங்க கிடந்து வாடுதுங்க.”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு வைத்த சோறும் துவையலும் அப்படியே மிஞ்சின. கொட்டத்தான் தொட்டி இல்லை.